யாருப்பா வந்திருக்கிறது?

டிஸ்கோக்களில் போலீஸ் பிடிக்கிற சாமானை என் கணவருக்கு ஏற்றலாம் என்று டாக்டர் ஜெரார்ட் சொன்னபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். நான் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்டை முடித்து, பாக்கார் ஆராங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்து முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு, யோகேந்திரனை எழுப்பிச் சட்டை மாற்றி, சுங்கை பட்டாணியிலிருந்து அலோர் ஸ்டார்வரை காடி ஓட்டிக்கொண்டு வந்திருந்தேன். உட்கார ஒரு நாற்காலி கிடைத்ததே அப்போதைக்குப் பெரிய நிம்மதி.

"கேட்டமினா? பேப்பர்ல போடுவாங்களே, அதா டாக்டர்?" என்றேன்.

"அதேதான்," என்றார் அவர். மழுப்பவில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்தது. ஆபரேஷன் செய்யும்போது மயக்கத்துக்கு நெடுங்காலமாகக் கொடுத்துவரும் மருந்துதானாம். அதையே குறைந்த அளவில், நரம்பு வழியாக மெல்ல ஏற்றினால், மாத்திரைகளுக்கு அசையாத மனச்சோர்வு சிலருக்கு இளகுகிறதாம். எல்லோருக்கும் இல்லை. இளகினாலும் சில நாளோ சில வாரமோதான் தாங்கும். அந்த இடைவெளியில் பேச வேண்டியதைப் பேசி, எழுந்து நடமாடப் பழகிக்கொள்ள வேண்டும் என்றார்.

யோகேந்திரன் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களுக்குச் சம்மதமா?" என்று டாக்டர் அவரைக் கேட்டார்.

"அவ சொன்னா சரி," என்றார் யோகேந்திரன்.

மூன்று வருடமாக எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். என்ன சாப்பிடுகிறீர்கள்? அவ சொன்னா சரி. எந்த மாத்திரை? அவ சொன்னா சரி. வீட்டில் இருந்த மாத்திரைகளையெல்லாம் பூட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள். சாவியை நான் வேலைக்கு எடுத்துப்போவேன். கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை எனக்கு. பார்த்துக்கொண்டே இருப்பேன், திடீரென்று கை சட்டைப்பைக்குப் போய்ச் சாவியைத் தடவும். இதுதான் கடைசி வழி என்று டாக்டர் வாயால் சொல்லவில்லை. ஆனால் மற்ற எல்லா வழியும் முடிந்துபோயிருந்தது எனக்குத் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது இதுதான். திகாம் பத்துப் பக்கம் என் மாமியார் மருதம்மாள் குடியிருந்த தோட்டத்தில் மாரியம்மன் கோவில் திருவிழா. யோகேந்திரன் இரவு முழுக்கக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு நேராகத் திருவிழாவுக்கு வந்தார். சாமிக்குப் போட வேண்டிய மாலைகளை டவுனிலிருந்து எடுத்து வர ஆள் இல்லை. அவர் கிளம்பினார், அவருடைய தம்பி தேவனும் கூட ஏறிக்கொண்டான். திரும்பி வரும்போது யோகேந்திரன் கண் அசந்துவிட்டார். ஓரத்தில் நின்றிருந்த லோரியில் காடி மோதியது. தேவன் உட்கார்ந்திருந்த பக்கம் நசுங்கிப்போனது. யோகேந்திரனுக்குப் புருவத்துக்கு மேல் தையல், அவ்வளவுதான். அடுத்த மாதம் தேவனுக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தோம்.

அதற்குப் பிறகு என் மாமியார் தோட்டத்து வீட்டை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிட்டார். சமைப்பார், துவைப்பார், வாசல் கூட்டுவார். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் மகனைப் பார்க்க மாட்டார். முன்பெல்லாம் கேட்டைத் திறக்கும்போதே "யோகா! யோகா!" என்று தெருவே கேட்கக் கத்துகிறவர், அந்தப் பெயரை அடியோடு விட்டுவிட்டார். மகன் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்க, என்னிடம் திரும்பி, "ஒன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, சோறு ஆறுது," என்பார். நான் சொல்வேன். யோகேந்திரன், "அம்மாவ சாப்பிடச் சொல்லு," என்பார். அதையும் சொல்வேன். மூன்று வருடமாக அந்த வீட்டில் தபால்காரி வேலையும் எனக்குத்தான்.

திட்டித் தீர்த்திருந்தால்கூட யோகேந்திரன் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். ஒருநாள் என்னிடம் அவரே சொன்னார். "அம்மா என்ன ரெண்டு அறை அறைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும் காஞ்சனா."

அந்த ஊசி அறையில் சட்டதிட்டங்கள் நிறைய. வெறும் வயிற்றோடு வர வேண்டும். கூட ஓர் ஆள் கட்டாயம் வர வேண்டும், ஆள் இல்லாவிட்டால் மருந்து ஏற்றும் டிரிப் இல்லை. கூட வந்தவர் உள்ளே நாற்காலியில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. நோயாளி சிரித்தாலும் அழுதாலும் உளறினாலும் எதுவும் கேட்கக் கூடாது. மருந்து ஏறும் நேரத்தில் மனசு கதவில்லாத வீடு, யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் உள்ளே போய்விடும் என்று டாக்டர் சொன்னார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் மிஸ்ஸியின் பெயர் ஜேன். தைப்பிங் பக்கத்துத் தமிழ்ப் பெண், கழுத்தில் சின்னச் சிலுவை. கண்ணுக்குக் கறுப்புத் துணிப்பட்டையைக் கட்டிவிட்டு, "வெளிச்சம் கூசாம இருக்கத்தாண்ணே," என்றாள் யோகேந்திரனிடம்.

முதல் தடவை நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் ஏதோ தண்ணீர்ச் சத்தம் மாதிரி ஒரு பாட்டு ஓடியது. அவர் விரல்கள் மட்டும் அவ்வப்போது அசைந்தன. முடிந்ததும் ஒரு தடவை வாந்தி எடுத்தார், பிறகு தள்ளாடி நடந்து காடியில் ஏறினார். பெண்டாங் தாண்டி வரும்போது சொன்னார்:

"கட்டில்லேர்ந்து கழண்டு மேல போன மாதிரி இருந்திச்சு. என் கைய பாக்குறேன், வேற யாரோட கையோன்னு இருக்கு. ஆனா பயமில்ல." கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்குது," என்றார்.

நான் சிக்னல்கூடப் போடாமல் குருண் ஓய்வுத்தலத்துக்குள் காடியைத் திருப்பினேன். அவர் ஒரு தட்டு மீ கோரேங்கை முழுசாகச் சாப்பிட்டார். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மூன்று வருடத்தில் அவராகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்தத் தெம்பு இரண்டு மூன்று நாளில் வடிந்துவிட்டது. இரண்டாவது டிரிப்புக்குப் பிறகு கொஞ்சம் கூடுதலாக நின்றது, ஒருநாள் தானாகவே முகச்சவரம் செய்துகொண்டார். மாமியார் இதையெல்லாம் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் என்னிடம் கேட்டார்:

"தண்ணி ஏத்துறப்ப பேசுமா?"

"சில பேரு ஏதாச்சும் உளறுவாங்களாம் அத்தை."

"கேட்டா பதில் வருமா?"

"கேக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். இரவு ஷிஃப்ட்டுக்கு முன் கொஞ்சமாவது தூங்க வேண்டும்.

மூன்றாவது டிரிப் நாளன்று தொழிற்சாலைக்கு வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்கள் வந்து சோதனை போட்டார்கள். இரவு ஷிஃப்ட்காரர்களும் பகலில் இருக்க வேண்டும், ஒருவருக்கும் லீவு கிடையாது. என் தம்பி விக்னேஸ்வரன் காடி ஓட்டுகிறேன் என்றான், ஆனால் ஊசி என்றாலே அவனுக்குக் கால் நடுங்கும், உள்ளே உட்கார மாட்டான். "நான் போறேன்," என்று மாமியார் சொன்னபோது எனக்கு ஆச்சரியம்தான், ஆனால் மகனோடு ஒரே காடியில் போகவாவது மனசு வந்ததே என்று சந்தோஷப்பட்டேன். விதிகளை வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். காலையில் தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டியிருந்தார். கைப்பையில் ஒரு எலுமிச்சம்பழம் தெரிந்தது.

"அது எதுக்கு அத்தை?"

"வாந்தி வந்தா மோந்து பாக்கத்தான்."

சாப்பாட்டு இடைவேளையில் லாக்கரைத் திறந்து கைப்பேசியைப் பார்த்தால், ஜேன் ஐந்தாறு தடவை கூப்பிட்டிருந்தாள். திரும்ப அழைத்தேன்.

"அண்ணன் நல்லா இருக்காருக்கா, பயப்படாதீங்க. ஆனா ஒங்க மாமியார் என்ன பண்ணாங்க தெரியுமா? பிரஷர் ஏறுதுன்னு மெஷின் கத்துது, நான் ஓடுறேன். பாத்தா அவங்க கட்டில்கிட்ட நின்னு, அண்ணன் நெத்தியில விபூதி பூசி, கைய கும்பிட்டுக்கிட்டு, 'யாருப்பா வந்திருக்கிறது?'ன்னு கேக்குறாங்க."

"அவரு?"

"'தேவன்'ன்னு சொன்னாரு. அப்புறம் அவங்க அண்ணன் காதுகிட்ட குனிஞ்சி என்னமோ பேசிக்கிட்டே இருந்தாங்க. அண்ணன் அழுவுறாரு. வாங்கம்மான்னா கட்டில் கம்பிய விட மாட்டேங்குறாங்க. வயசான அம்மா, கைய புடிச்சி இழுக்க எனக்கும் ஒரு மாதிரியா இருந்திச்சுக்கா."

மற்றவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். அந்தத் தோட்டத்துக் கோவிலில் நின்றவர்களுக்குத் தோன்றாது. அங்கே ஒருவருக்கு அருள் வந்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். விபூதி பூசி, கைகூப்பி, யார் வந்திருக்கிறது என்றுதான் கேட்பார்கள். காளியும் வரும், முனியும் வரும், சில வேளை செத்துப்போன சொந்தக்காரரும் வருவார். வந்தது யார் என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டியதைக் கேட்கலாம். ஆம்பிளைகள் திக்கித் திணறுகிற இடத்தில் என் மாமியார்தான் முன்னால் நின்று கணீரென்று கேட்பார். அவருக்குக் கண்ணை மூடிப் படுத்து, விரல் நடுங்கி, வாய்க்குள் முனகுகிற ஆளைக் கண்டால் வேறெதுவும் தோன்றாது. இது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் ஆத்திரம் குறையவில்லை, அதிகமாகத்தான் ஆனது. செத்தவனைக் கூப்பிட உயிரோடு இருப்பவரைத்தானா பிடிக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்தபோது யோகேந்திரன் கட்டிலில் இல்லை, சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் இன்னும் விபூதி. கண் சிவந்திருந்தது, ஆனால் அந்தக் கண்ணில் ஆள் இருந்தார்.

"அம்மா என் தலைய தடவினாங்க," என்றார். பரிசு வாங்கிவந்த பிள்ளை மாதிரி அதைச் சொன்னார்.

"அவங்க தடவினது தேவன்னு நினைச்சி."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏங்க அப்படி சொன்னீங்க?"

"யாருன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னா எழுந்து போயிருவாங்களோன்னு இருந்திச்சு. அதான் அவன் பேர சொன்னேன்."

சுவரோரம் தரையிலேயே உட்கார்ந்தேன்.

"அப்புறம் என்ன பேசினாங்க?"

"ஒன்னும் வெளங்கல. தூரத்துல யார் வீட்லயோ ரேடியோ பாடுற மாதிரி. அழுதாங்க, அது தெரியும்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "அடுத்த தடவையும் அம்மா வரட்டும். அம்மா பக்கத்துல இருந்தா போறேன். இல்லாட்டி எனக்கு வேணாம்."

மூன்று வருடத்தில் அவர் சொந்தமாக எடுத்த முதல் முடிவு, தம்பியாக நடிப்பது. அதற்கு நான் அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

மறுநாள் டாக்டர் ஜெரார்ட் அழைத்தார். அவர் என் மாமியாரைத் திட்டவில்லை. "என்னோட பாட்டியும் மாதா படத்துக்கு முன்னால ஆடுவாங்க, எனக்குத் தெரியும்மா," என்றார். "ஆனா இன்னொருத்தரா இருக்குறதுக்காக அவர் இங்க வரக் கூடாது. அதுக்கு நான் மருந்து ஏத்த மாட்டேன். அம்மா உள்ள வேணாம். அதே நேரம் இப்ப பாதியில விட்டாருன்னா பழையபடி கீழ போயிருவாரோன்னு எனக்கு ரொம்ப கவலையா இருக்கு. நீங்கதான் பேசிப் பாக்கணும்."

நீங்கதான். எப்போதும் நான்தான். அம்மா உள்ளே வந்தால் டாக்டர் ஏற்ற மாட்டார், அம்மா வராவிட்டால் இவர் வர மாட்டார். நான் யாரிடம் போய் என்ன பேசுவது?

அந்த வாரம் முழுக்க எப்படியாவது தானாகச் சரியாகட்டும் என்று விட்டேன். ஆகவில்லை. மாமியார் பழையபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒருநாள் தலையைத் தடவிய கை, மறுநாள் தட்டை மேசையில் வைத்துவிட்டு, "ஒன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு," என்றது. யோகேந்திரன் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சாப்பிடாமல் எழுந்து போவார். அடுத்த டிரிப்புக்கு முதல் நாள் சாயந்திரம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இதற்கு முன்பும் அந்த முதுகை அப்படிப் பார்த்திருக்கிறேன். என் கை சட்டைப்பைக்குள் போய்ச் சாவியைப் பிடித்துக்கொண்டது.

நேராகச் சமையலறைக்குப் போனேன். மாமியார் பலகையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை, ஒன்னு கேக்குறேன், பதில் சொல்லுங்க. அங்க படுத்திருந்தது யாரு?"

அவர் நிமிரவில்லை.

"தேவன் செத்துட்டான். அவன் எந்த ஊசியிலயும் வர மாட்டான். வந்தது ஒங்க பெரிய மகன். ஒங்க கை தலையில படும்னு தம்பி பேர சொன்னாரு. நாளைக்கும் சொல்லுவாராம். ஒங்களுக்கு இருக்குற ஒரு மகனும் போயிட்டா அப்புறம் யார்கிட்ட போய் யாரு வந்திருக்கிறதுன்னு கேப்பீங்க? எனக்கு முடியல அத்தை. சத்தியமா எனக்கு முடியல."

என் குரல் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றிருந்தது. மாமியார் கத்தியைக் கீழே வைக்காமல், பலகையைப் பார்த்தபடியே பேசினார்.

"சாமி வந்தவன பாத்து பாத்து வயசானவ நான். எது வந்திருக்கு, எது வரலன்னு எனக்குத் தெரியாதா? அங்க படுத்திருந்தது என் பெரியவன்தான்."

"தெரியுமா? அப்ப எதுக்கு அப்படி கேட்டீங்க?"

"அவன் கண்ண கட்டி வச்சிருந்தாங்க." இரண்டு பயற்றங்காயை எடுத்து ஒன்றாக அடுக்கினார், நறுக்கவில்லை. "அந்தக் கண்ண பாத்துக்கிட்டு என்னால பேச முடியாது. மூனு வருசமா பாக்குறேன், முடியல. கட்டிப் போட்டிருந்ததால தைரியம் வந்திச்சு. பேச ஆரம்பிக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு கேள்விதான். அவன் பெரியவன்னு சொன்னாலும் சொல்லியிருப்பேன். தேவன்னு சொன்னான். சரின்னு தேவன்கிட்ட சொல்ற மாதிரியே சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"நான்தான் அனுப்பினேன்னு."

"யார?"

"தேவன. அவன் எங்க போறேன்னான்? அவன் பந்தல்ல வாழை கட்டிக்கிட்டு இருந்தான். பெரியவன் ராத்திரி பூரா வேல செஞ்சிட்டு கண்ணு செவந்து வந்து நிக்கிறான். வேற ஆள அனுப்பியிருக்கணும். மாலைக்கு நேரமாகுது, நேரமாகுதுன்னு எனக்கு அவசரம். நான்தான் தேவன கூப்பிட்டு, அண்ணன் தூங்கிருவான், நீ கூட போய் பேசிக்கிட்டே வான்னு ஏத்திவிட்டேன். தூங்குவான்னு தெரிஞ்சே ஏத்திவிட்டேன்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மூடினேன். மூன்று வருடமாக இந்த அம்மாள் மகன்மேல் கோபத்தில் இருக்கிறார் என்று யோகேந்திரன் நினைத்தார், நானும் நினைத்தேன். இவர் முகத்தைத் திருப்பியது வெட்கத்தில். இதை ஒரு வேளைச் சோற்றுக்கு நடுவே சொல்லியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றார் மாமியார். "அதுக்கப்புறமும் அவன் அப்படியேதான படுத்திருக்கான். மன்னிக்க முடியல போல."

"அவருக்கு ஒன்னும் கேக்கல அத்தை."

அப்போதுதான் நிமிர்ந்தார்.

"தூரத்துல ரேடியோ பாடுற மாதிரி இருந்திச்சாம். ஒரு வார்த்தை வெளங்கலயாம். நீங்க அழுதீங்கன்னு மட்டும் தெரியுமாம்."

கத்தி அவர் கையிலிருந்து பலகைமேல் விழுந்தது. நான் பக்கத்து அறையைக் காட்டி, "அங்கதான் இருக்காரு. இப்பயே போய் சொல்லுங்க," என்றேன். அவர் எழுந்தார். அறை வாசல்வரை போனார். நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த முதுகைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, மிச்சக் காயை நறுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அதற்குமேல் சண்டை போட உடம்பில் ஒன்றும் இல்லை. வேலைக்குக் கிளம்பினேன்.

காலையில் வந்தபோது மாமியார் அதே நல்ல சேலையில் வாசலில் நின்றிருந்தார். அம்மா வருகிறார் என்பதால் யோகேந்திரனும் சட்டை மாட்டிக்கொண்டார். அம்மா உள்ளே உட்கார மாட்டார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. தூக்கம் வராமல் இருக்க நான் ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டினேன்.

எங்களைப் பார்த்ததும் ஜேன் முகம் இறுகியது. டாக்டரிடம் நான் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். டிரிப்பைத் திறக்கும்வரை அம்மா உள்ளே நிற்கலாம், திறந்தபின் வெளியே, என்று அவர் சொல்லிவிட்டார். ஜேன் ஊசியைப் பொருத்தினாள். பிறகு ஒவ்வொரு தடவையும் கேட்பது போல், "பேரு சொல்லுங்கண்ணே," என்றாள்.

யோகேந்திரன் அம்மாவைப் பார்த்தார்.

"அண்ணே, பேரு. சொன்னாத்தான் தொடங்க முடியும்."

"யோகேந்திரன்," என்றார். ரொம்ப மெதுவாக.

மாமியார் எழுந்து போகவில்லை. கட்டிலருகே வந்தார். ஜேன் கையிலிருந்த கறுப்புத் துணியை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். ஜேன் என்னைப் பார்த்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"யோகா," என்றார் மாமியார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வந்தது.

"யோகா, தேவன நான்தான்பா ஒன்கூட ஏத்திவிட்டேன். நீ தூங்கிருவன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் மாலைக்கு ஒன்ன அனுப்பினேன். ஒன் மொகத்த பாக்க எனக்கு வெக்கமா இருந்திச்சு. ஒன்மேல கோவமில்ல."

யோகேந்திரன் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண்ணும் மூடவில்லை, அம்மாவின் கண்ணும் விலகவில்லை. "ஓட்டினது நான்மா," என்றார் கடைசியில். "தூங்கினது நான்."

"ஆமா," என்றார் மாமியார். "அனுப்பினது நான்."

ஒருவரை ஒருவர் தேற்றவில்லை. மாமியார் அவர் நெற்றியில், பழைய தையல் தழும்பின்மேல், உள்ளங்கையை வைத்தார். சுவரில் இருந்த கடிகாரத்தை ஜேன் பார்த்தாள், ஆனால் அவசரப்படுத்தவில்லை.

"நீங்க வெளிய உக்காருங்கம்மா," என்று யோகேந்திரனே சொன்னார். "போயிட்டு வரேன்."

மாமியார் துணியை இடுப்பிலிருந்து எடுத்து ஜேனிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். ஜேன் அதைக் கட்டிவிட்டு டிரிப்பைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தம் மாதிரியான அந்தப் பாட்டு ஆரம்பித்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். இது பலிக்குமா, எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் அவர் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கலாம், சாவியும் என் பையிலேயேதான் இருந்தது. ஆனாலும் அந்த நாற்காலியில் நான் தூங்கிப்போனேன். காவலுக்கு வந்தவள் தூங்கலாமா என்று யாரும் எழுப்பவில்லை.

கண் விழித்தபோது மெஷின் அணைந்திருந்தது. யோகேந்திரன் கட்டிலில் உட்கார்ந்து, முகம் வெளிறி, தலையைத் தொங்கப் போட்டிருந்தார். கதவை லேசாகத் திறந்துகொண்டு மாமியார் எட்டிப் பார்த்தார். உள்ளே வரலாமா என்று ஜேனிடம் சைகையில் கேட்டார், ஜேன் தலையசைத்தாள்.

"யோகா, வாந்தி வருதாப்பா?"

"கொஞ்சம்மா."

மாமியார் கைப்பையைத் திறந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி, அவர் மூக்கருகே பிடித்தார்.